ஆறடிக் கிராப்பிள் வேண்டாம், நாலடி போதும்

கேள்வி இதுதான்: "அருப்புக்கோட்டைப் பக்கம் 12 ஏக்கர் மானாவாரி நிலம். பத்து ஆண்டுகளாக உழாமல் போட்டதில் முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. 50 குதிரைத்திறன் கொண்ட நான்கு சக்கர இயக்க டிராக்டரும், அதில் முன்பக்க லோடரும் வைத்திருக்கிறேன். மரத்தை அகற்றக் கிராப்பிள் வாங்க நினைக்கிறேன். ஆறடி அகலம், இரட்டைத் தாடை, 350 கிலோ எடை உள்ள ஒன்றைக் கடையில் காட்டினார்கள். வாங்கலாமா? பிறகு தென்னை மட்டை, வைக்கோல், சாணம் அள்ளவும் அது உதவ வேண்டும்."

வாங்க வேண்டாம். அந்தக் கிராப்பிளில் குறை இருப்பதாக நான் சொல்லவில்லை. உங்கள் லோடருக்கு அது பாரம். நாலடி அல்லது நாலரை அடி அகலத்தில், ஒற்றைத் தாடையோடு, 180 கிலோவைத் தாண்டாத ஒன்றைத் தேடுங்கள். "இது விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறதே" என்று கடைக்காரர் சொல்வார். சொல்லிக்கொள்ளட்டும்.

கிராப்பிளைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வரி. லோடரின் பக்கெட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுகிற கவ்வி அது. கீழே வைக்கோல் வாரியைப் போல வரிசையாக இரும்பு விரல்கள். மேலே ஹைட்ராலிக் சிலிண்டரால் மூடித் திறக்கும் தாடை. வெட்டிய கரும்பைக் கவ்வி லாரியில் ஏற்றும் எந்திரத்தைப் பார்த்திருந்தால், அதன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எடைக் கணக்கு. இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். லோடர் விற்றவர் உங்களிடம் "700 கிலோ தூக்கும்" என்று சொல்லியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம். உடனே கேட்டிருக்க வேண்டியது, "எந்த இடத்தில்?" என்பது. பெரும்பாலும் அந்த எண், பக்கெட்டை லோடர் கைகளோடு கோக்கும் ஆணியில் அளந்தது. அந்த அளவீட்டில் பக்கெட்டும் கிடையாது, கிராப்பிளும் கிடையாது, வெறும் ஆணிதான். அதில் நீங்கள் எதை மாட்டினாலும் அதன் எடையும் இந்த 700க்குள் அடங்க வேண்டும்.

அதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. கிராப்பிளின் கனம் ஆணிக்கு ஒரு முழம் முன்னால் நிற்கிறது. அது கவ்விய மரம் இன்னும் முன்னால் தொங்குகிறது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொள்வதும், கையை நீட்டிப் பிடித்துக்கொள்வதும் ஒன்றா?

எண்ணில் போட்டுப் பார்க்கலாம். லோடர் கையின் மேல் கீலிலிருந்து ஆணிவரை 2.2 மீட்டர் நீளம், கை படுக்கை வாக்கில் நிற்கிறது என்று கொள்வோம். 700ஐ 2.2ஆல் பெருக்கினால் 1540. உங்கள் லோடரின் மொத்தக் கையிருப்பு அவ்வளவுதான். கடைக்காரரின் 350 கிலோக் கிராப்பிளின் மையம் ஆணிக்கு 40 செ.மீ. முன்னால் இருந்தால், அது 350ஐ 2.6ஆல் பெருக்கிய 910ஐ விழுங்கிவிடும். மீதி 630. கவ்விய மரத்தின் மையம் ஆணிக்கு 80 செ.மீ. முன்னால் இருந்தால் 630ஐ 3ஆல் வகுக்க வேண்டும். விடை 210 கிலோ! 350 கிலோ இரும்பை வாங்கி மாட்டி, அதைவிடக் குறைவான மரத்தைத் தூக்குவீர்கள்.

அதே லோடரில் 180 கிலோ எடையுள்ள நாலடிக் கிராப்பிளை மாட்டுங்கள். மையம் 35 செ.மீ. முன்னால். அது எடுத்துக்கொள்வது 459, மீதி 1081, தூக்கக்கூடியது 360 கிலோ. கிராப்பிளில் குறைத்தது 170 கிலோ. மரத்தில் கிடைத்தது 150 கிலோ. இது கைக்கணக்குதான். உங்கள் லோடரின் நீள அகலத்தைப் பொறுத்து எண்கள் மாறும், ஆனால் போக்கு மாறாது.

210 கிலோ என்பது எவ்வளவு மரம்? ஓரடித் தடிமனில் பத்தடி நீளமுள்ள ஒரே ஒரு பச்சைக் கருவேலத் தடி ஏறக்குறைய 200 கிலோ வரும். ஆறடி வாயைத் திறந்துகொண்டு போய் ஒற்றைத் தடியோடு திரும்பி வருவதற்கா இவ்வளவு செலவு?

உங்கள் லோடர் உண்மையில் எவ்வளவு தூக்குகிறது என்று அறிய விற்றவரின் காகிதத்தை நம்ப வேண்டியதில்லை. பக்கெட்டில் 50 கிலோ சிமென்ட் மூட்டைகளை ஒன்றொன்றாக அடுக்கித் தூக்கிப் பாருங்கள். ஆறு, எட்டு, பத்து என்று ஏற்றிக்கொண்டே போனால் எந்த மூட்டையில் மூச்சு வாங்குகிறது என்று தெரிந்துவிடும். டிரெய்லர் பக்கப்பலகையின் உயரத்துக்குத் தூக்கிப் பார்க்க வேண்டும். தரையிலிருந்து ஓரடி தூக்கிவிட்டுத் திருப்திப்பட்டு விடாதீர்கள். பல லோடர்கள் கீழே தூக்குவதை மேலே தூக்குவதில்லை.

சரி, லோடர் தூக்கிவிட்டது. டிராக்டர் தாங்குமா?

கிராப்பிளும் மரமும் சேர்ந்து 540 கிலோ. அது முன் அச்சுக்கு 1.3 மீட்டர் முன்னால் தொங்குகிறது. டிராக்டரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2 மீட்டர். இப்போது முன் அச்சின் மேல் கூடுகிற எடை 540 கிலோ என்று நினைப்பீர்கள். இல்லை, 890 கிலோ. மீதி 350 கிலோ எங்கிருந்து வந்தது? பின் சக்கரத்திலிருந்து. பின்பக்கம் அவ்வளவு இலேசாகிவிடுகிறது. பிரேக் இருப்பது பின் சக்கரத்தில் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். மேடு பள்ளத்தில் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிய டிராக்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும்.

அதனால் பின்னால் எடை கட்டாமல் லோடர் வேலை செய்யவே கூடாது. பின் டயரில் தண்ணீர் நிரப்புவது நல்லதுதான், ஆனால் அது பின் சக்கரத்தைத் தரையில் அழுத்துமே தவிர முன் அச்சின் சுமையைக் குறைக்காது. பின் அச்சையும் தாண்டிப் பின்னால் தொங்கும் எடைதான் முன்னால் இருப்பதைத் தூக்கிப் பிடிக்கும். அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 400 கிலோ தொங்கினால் முன் அச்சிலிருந்து 200 கிலோ குறையும், பின் அச்சில் 600 கிலோ ஏறும். ரோட்டவேட்டர் இருந்தால் அதை மாட்டித் தூக்கிக்கொண்டே வேலை செய்யலாம். ஆறடி ரோட்டவேட்டர் 400 கிலோவை ஒட்டி வரும். ஒன்பது கொத்துக் கலப்பை அதில் பாதி அளவுதான், போதாது. ஆனால் கருவேலக் காட்டுக்குள் ரோட்டவேட்டரோடு திரும்புவது பெரிய தலைவலி. நான் சொல்வது 200 லிட்டர் தகர டிரம். நடுவில் இரும்புச் சட்டம் வைத்து, டிராக்டரின் பின்னால் கலப்பை மாட்டும் கீழ்க் கைகளுக்கும், அவற்றுக்கு மேலே உள்ள இணைப்புத் தண்டான டாப் லிங்குக்கும் ஆணி வரும்படி பற்றவைத்து, கான்கிரீட் நிரப்பிவிடுங்கள். 480 கிலோ வரும். அகலம் குறைவு, முள் எதிலும் மாட்டாது, பழுதாக அதில் ஒன்றும் இல்லை.

இன்னொரு சோதனையும் செய்யலாம். ஊரில் எடைமேடை இருக்குமே, அங்கே போய் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு வாங்குங்கள். பிறகு முன்னால் பாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி இன்னொரு சீட்டு. உங்கள் டிராக்டரின் கையேட்டில் முன் அச்சு எவ்வளவு தாங்கும் என்று போட்டிருக்கும். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு சக்கர இயக்க டிராக்டரில் கிராப்பிள் மாட்ட நினைப்பவர்களுக்கு இந்தச் சோதனையைக் கட்டாயம் என்றே சொல்வேன். அந்த வண்டிகளின் முன் அச்சு உழவுக்காகச் செய்தது. அச்சை நடுவில் தாங்கும் சென்டர் பின்னும், சக்கரத்தின் ஹப் பேரிங்கும் ஒரே பருவத்தில் தேய்ந்து வந்ததை எத்தனையோ முறை கழற்றியிருக்கிறேன்.

என் பிழைப்பைப் பற்றி ஒரு வரி. டிராக்டர் ஹைட்ராலிக் பழுது பார்க்கும் சிறு பட்டறை நடத்தியவன். லோடர் மாட்டிய வண்டிகள் எதற்காகப் பட்டறைக்கு வருகின்றன என்பதை வைத்துத்தான் பேசுகிறேன்.

அடுத்து எண்ணெய்க் குழாய். உங்கள் லோடரில் இப்போது இரண்டு வேலைகள்: கையை ஏற்றி இறக்குவது, பக்கெட்டைக் கவிழ்த்து நிமிர்த்துவது. கிராப்பிள் வந்தால் மூன்றாவதாக ஒரு வேலை சேர்கிறது. அதற்கு இரண்டு ஹோஸ் வேண்டும், ஒன்று திறக்க, ஒன்று மூட. டிப்பர் டிரெய்லர் தூக்குவதற்கென்று டிராக்டரின் பின்னால் இருக்கும் ஒற்றைக் குழாய் வாயில் இதை ஓட்ட முடியாது. அதிலிருந்து எண்ணெய் ஒரு திசையில்தான் வேலை செய்யும். தாடை மூடிக்கொண்டால் திறப்பதற்கு ஆள் கிடையாது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. ரிவர்சிபிள் கலப்பைக்காக உங்கள் டிராக்டரில் ஏற்கெனவே டிசி வால்வு (எண்ணெயை இரு திசையிலும் மாற்றி அனுப்பும் வால்வு) பொருத்தியிருந்தால், அதன் இரண்டு வாய்களிலிருந்தும் ஹோஸை வண்டியின் அடிப்பக்கமாக முன்னால் கொண்டுபோகலாம். செலவு குறைவு. ஆனால் தாடையை மூட ஒவ்வொரு முறையும் கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது வழி, பக்கெட் கவிழ்க்கும் லைனில் மின்சாரத்தால் திசை மாறும் வால்வு ஒன்றைச் சேர்ப்பது. லோடர் நெம்புகோலின் தலையில் ஒரு பித்தான். அழுத்திக்கொண்டு தள்ளினால் தாடை அசையும், விட்டுவிட்டுத் தள்ளினால் பக்கெட் கீல் அசையும். இரண்டையும் ஒரே நேரத்தில் அசைக்க முடியாது. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். மரம் பொறுக்குகிற வேலையில் அது குறையே இல்லை என்பது என் அனுபவம். முதலில் கவ்வுகிறோம், பிறகுதான் நிமிர்த்துகிறோம். மூன்றாவது, லோடரின் இரண்டு நெம்புகோல் வால்வை எடுத்துவிட்டு மூன்று நெம்புகோல் வால்வு போடுவது. வேலை சுத்தமாக இருக்கும், செலவும் கூடும். உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி.

"பம்ப் போதுமா?" என்று கேட்பீர்கள். தாராளமாகப் போதும். 50 மி.மீ. உள்விட்டமும் 250 மி.மீ. ஓட்டமும் உள்ள சிலிண்டரை நிரப்ப அரை லிட்டர் எண்ணெய்தான் தேவை. நிமிடத்துக்கு 30 லிட்டர் தரும் பம்ப் அதை ஒரு விநாடியில் மூடிவிடும். பிடியும் போதும். 180 பார் அழுத்தத்தில் அந்தச் சிலிண்டர் மூன்றரை டன் விசையோடு தள்ளுகிறது. தாடையின் நுனிக்கு வரும்போது அதில் கால் பங்கு மிஞ்சினாலும் 850 கிலோவுக்கு மேல். இதைவிடப் பெரிய சிலிண்டரைக் காட்டி விலை ஏற்றுகிறவரிடம், கருவேலங்கட்டையைச் சாறு பிழியப் போவதில்லை என்று சொல்லிவிடுங்கள்.

ஆனால் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சிலிண்டரில் பூட்டு வால்வு இருக்க வேண்டும். தலைக்கு மேல் மரத்தைக் கவ்வியிருக்கும்போது ஹோஸ் வெடித்தால், அந்த வால்வு எண்ணெயைச் சிலிண்டருக்குள்ளேயே அடைத்துவைக்கும், தாடை திறக்காது. அதற்கு ஆகிற கூடுதல் செலவில் பேரம் பேசாதீர்கள்.

இனி வகை. சந்தையில் பல உருவங்கள் இருக்கின்றன. அடிப்பக்கம் முழுத் தகடாக இருக்கும் பக்கெட் கிராப்பிள், அடியில் விரல் மட்டும் உள்ள வேர்க் கிராப்பிள், தடி மட்டும் பிடிக்கும் குறுகிய கவ்வி, வைக்கோல் உருளையை இரு பக்கமும் அணைக்கும் கை. உங்களுக்கு வேர்க் கிராப்பிள்தான். காரணம் மண். பிடுங்கிப் போட்ட தூரில் ஒட்டியிருக்கும் மண் சில நேரம் தூரின் எடைக்கு நிகராக இருக்கும். விரல் இடுக்கில் இரண்டு குலுக்குக் குலுக்கினால் அது உங்கள் நிலத்திலேயே விழுந்துவிடும். பக்கெட்டில் அள்ளினால் பத்து ஆண்டு சேர்ந்த மேல்மண்ணை வரப்போரம் கொண்டுபோய்க் குவித்துவிட்டு வருவீர்கள். விருதுநகர், இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்கள் தூரையும் வாங்குவார்கள், ஆனால் மண்ணுக்கு விலை தரமாட்டார்கள். மண்ணோடு இருக்கும் விறகைக் கண்டாலே கழிவு பேசத் தொடங்குவார்கள்.

விரல்களுக்கு இடையே எட்டு அங்குலம் முதல் பத்து அங்குலம் வரை இருக்கலாம். அதைவிட நெருக்கினால் மண் விழாது, எடையும் ஏறும். அதைவிட அகட்டினால் சிறு கிளை நழுவும். கீழ் விரல் ஏறக்குறையத் தட்டையாக, இரண்டரை அடி நீளத்தில் இருக்கட்டும். பிறை போல வளைந்த அடிப்பக்கம் பார்க்க அழகு, ஆனால் குவியலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு நுழையாது.

இரட்டைத் தாடை பற்றி ஒரு வார்த்தை. தாடை இரண்டாக இருந்தால் ஒரு பக்கம் தடித்த அடிமரம், மறுபக்கம் மெல்லிய நுனி என்று இருந்தாலும் இரண்டையும் தனித்தனியாக இறுக்கும். எண்ணெய் முதலில் எளிதாக மூடும் பக்கம் போகும், அது முட்டி நின்றதும் அடுத்த பக்கத்தை மூடும். ஆறடி, ஏழடி அகலத்தில் இது தேவைதான். நாலடி அகலத்தில் அந்த வேறுபாடு கையளவு. அதற்காக இன்னொரு சிலிண்டர், இரண்டு ஹோஸ், நாலு புஷ் (ஆணி தேயாமல் காக்கும் உள்வளையம்), முப்பது நாற்பது கிலோ எதற்கு?

நாலடி அகலம் போதுமா என்ற கேள்வி இன்னும் உங்கள் மனத்தில் இருக்கும். டிராக்டரின் அகலமே ஐந்தே முக்கால் அடி. கிராப்பிள் அதைவிடக் குறுகலாக இருந்தால் டயர் முள்ளில் ஏறுமே என்று கேட்கலாம். மண்ணை வழித்துச் சமன்படுத்துகிற வேலை என்றால் அந்தக் கேள்வி சரி. இங்கே நீங்கள் நேராகப் போய்க் குவியலைக் கவ்விப் பின்வாங்குகிறீர்கள். பத்தடி மரத்தைக் கவ்வ நாலடி வாய் தாராளம். இரு பக்கமும் மூன்றடி நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அகலமான கிராப்பிளில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஓரத்து விரல் எதிலாவது மாட்டினால் லோடர் கையை முறுக்குகிற பலம் அகலத்துக்கு ஏற்பக் கூடும்.

இந்த முறுக்கல்தான் நான் நேரில் பட்ட அடி. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்ட மாதங்களில் எங்கள் பக்கம் ஜேசிபிக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. லோடர் வைத்திருந்தவர்கள் தாங்களே பிடுங்க இறங்கினார்கள், நானும் இறங்கினேன். தொடை அளவு தூர் ஒன்றை வலது ஓரத்து விரலில் கொத்திக்கொண்டு ரிவர்ஸில் இழுத்தேன். தூர் அசைந்தது. இன்னும் கொஞ்சம் என்று கிளட்சை விட்டேன். "டப்" என்று ஒரு சத்தம். தூர் வந்துவிட்டது என்று மகிழ்ந்து இறங்கிப் பார்த்தால் தூர் இருந்த இடத்தில் இருந்தது. லோடரின் வலது கை இடது கையைவிட இரண்டு அங்குலம் கீழே நின்றது. தாங்கு சட்டத்தின் இரண்டு போல்ட்டுகள் அறுந்திருந்தன. ஊராருக்கு அறிவுரை சொல்கிற ஹைட்ராலிக்காரன் அன்று தன் பட்டறைக்குத் தன் வண்டியையே கட்டி இழுத்துக்கொண்டு வந்தான்.

அது போல்ட்டோடு போனது என் அதிர்ஷ்டம். லாரிக்கு இருப்பது போல நம் டிராக்டர்களுக்குத் தனிச் சட்டம் கிடையாது. இன்ஜினும், கிளட்ச் கூடும், கியர் பெட்டியும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு நிற்பதுதான் அதன் முதுகெலும்பு. எல்லாம் வார்ப்பிரும்பு. முன்னால் முறுக்கினால் அந்த மூட்டில் விரிசல் விழும். அதனால் லோடரின் தாங்கு சட்டம் இன்ஜின் பக்கத்தோடு நின்றுவிடாமல் பின் அச்சு வரை நீண்டு அங்கேயும் கட்டப்பட்டிருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு அடியில் படுத்து முதலில் இதைப் பாருங்கள். பின் அச்சுக்குப் போகும் கட்டுச் சட்டம் இல்லையென்றால் கிராப்பிளுக்கு வைத்திருக்கும் பணத்தில் அதை முதலில் போடுங்கள்.

ஆகவே, கிராப்பிளால் தூர் பிடுங்காதீர்கள். பிடுங்குவது ஜேசிபியின் வேலை, பொறுக்கிக் குவிப்பது கிராப்பிளின் வேலை. சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் அடித்தூரிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். மண்ணுக்குள் ஓரடி வரையாவது தூரைத் தோண்டி எடுக்க வேண்டும். பின்கையால் தோண்டுவதற்கென்றே செய்த எந்திரம் அதை ஐந்து நிமிடத்தில் முடிக்கும். ஜேசிபிக்காரரிடம் பிடுங்கி, மண்ணை உதறி, அப்படியே போட்டுவிட்டு நகரச் சொல்லுங்கள். அவரே பொறுக்கிக் குவிக்கத் தொடங்கினால் மணிக்கணக்கு எகிறும். அந்த மணிகளை மிச்சப்படுத்துவதில்தான் உங்கள் கிராப்பிள் தன் விலையைச் சம்பாதிக்க வேண்டும். மணி வாடகையை விசாரித்து, குவிப்பதற்கு ஆகக்கூடிய மணிகளால் பெருக்கிப் பாருங்கள். 12 ஏக்கரோடு வேலை தீர்ந்து, பிறகு தென்னையும் மாடும் உங்களிடம் குறைவு என்றால், கிராப்பிளே வாங்காமல் விடுவதும் நல்ல முடிவுதான்.

அமெரிக்காவில் எடுத்த காணொளிகளைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அங்கே அந்தச் சிறு டிராக்டர்களில் பலவற்றுக்குக் கிளட்சை மிதிக்காமலே மிதியால் முன்னும் பின்னும் போகும் அமைப்பு உண்டு. நம் வண்டியில் ஒவ்வொரு கவ்வலுக்கும் கிளட்ச், கியர், கிளட்ச், ரிவர்ஸ். ஒரு நாளைக்கு 300 தடவை. கிளட்ச் தட்டுக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.

பட்டறையில் செய்து வாங்கலாமா என்றால், லேத்தும் நல்ல பற்றவைப்பும் உள்ள பட்டறை என்றால் தாராளமாகச் செய்யலாம். விரலுக்கு 10 மி.மீ. தகடு போதும். 10 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 78 கிலோ, 16 மி.மீ. என்றால் 125 கிலோ. "கெட்டியாகப் போடுங்கள்" என்று நீங்கள் சொல்கிற ஒரு வார்த்தை எங்கே போய் முடிகிறது பாருங்கள். தகட்டின் கனத்தைக் கூட்டுவதற்குப் பதில் விரல்களைக் குறுக்கே ஒரு குழாயால் இணைக்கச் சொல்லுங்கள், வளையாது. சாதாரண இரும்பு வளைந்தால் சூடேற்றி நிமிர்த்திக்கொள்ளலாம். கடினப்படுத்திய தகட்டைத் தெரியாதவர் பற்றவைத்தால் அந்த ஓரத்திலேயே வெடிக்கும். கீல் ஆணிகள் இ.என். 8 என்ற நடுத்தரக் கரிம எஃகில், 30 மி.மீ. தடிமனில், மாற்றக்கூடிய புஷ், ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் நிப்பிள். சிலிண்டரின் தண்டு, தாடை திறந்திருக்கும்போதுகூடக் கிளை குத்தாத இடத்தில் மறைந்திருக்க வேண்டும். ஹோஸ் எங்கே வளைகிறது, எங்கே உரசுகிறது என்று தாடையைத் திறந்து மூடிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வேலை தொடங்கும் முன் நிலத்தை நடந்து பாருங்கள். வண்டியில் போகாதீர்கள், நடந்து போங்கள், கையில் ஒரு கம்போடு. பாம்புக்காக மட்டும் சொல்லவில்லை. பத்து ஆண்டு மண்டிய கருவேலத்துக்குள் கைப்பிடிச்சுவர் இல்லாத பாழுங்கிணறு இருந்தால் வண்டியிலிருந்து தெரியாது. ஊரில் வயதானவர் ஒருவரைக் கூட்டிப் போனால் கிணறு எங்கே, பழைய வாய்க்கால் எங்கே என்று காட்டுவார். கதண்டு என்கிற பெருங்குளவியின் கூடு இருக்கும் மரத்துக்கும் ஒரு துணியைக் கட்டி வையுங்கள். மின்கம்பி போகும் பாதையை மறக்க வேண்டாம். கை உயர்த்திய லோடர் உங்கள் நினைப்பைவிட உயரம்.

முள் டயரைத் தின்னும். முன் டயருக்குள் ஓட்டை அடைக்கும் திரவம் ஊற்றிக்கொள்ளலாம். அதற்கும் அடங்காத முள் உண்டு, பஞ்சர் சாமான்களும் கையில் இருக்கட்டும். ரேடியேட்டருக்கு முன்னால் கம்பிவலை போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தூசு தட்டுங்கள். கருவேலத்தின் பொடி இலை வலைக்கண்ணில் அப்பிக்கொண்டால் இன்ஜின் கொதிக்கும்.

தூக்கும் பாரத்தை முழங்கால் உயரத்திலேயே கொண்டுபோங்கள். டிரெய்லரில் போடும் அந்தச் சில விநாடி மட்டும்தான் மேலே. கையை உயர்த்திக் கிராப்பிளையும் பின்னால் சாய்த்தால் உருண்டைத் தடி கைகளின் மேலேயே உருண்டு ஓட்டுநரின் மடியில் வந்து விழும். நம் டிராக்டர்களின் வெயில் கூரை வெயிலுக்கு மட்டும்தான். மரத்தை நடுவில் கவ்வுங்கள். ஒரு முனையைக் கவ்வினால் மறுமுனை திரும்பும்போது யாரையாவது வாரிவிடும். ஹோஸைக் கழற்றும் முன் கிராப்பிளைத் தரையில் வைத்து, இன்ஜினை நிறுத்தி, நெம்புகோலை இருபுறமும் அசைத்து அழுத்தத்தை வெளியேற்றுங்கள். எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளையில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் போனால் வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, சாணம். தென்னை மட்டைக்கும் வைக்கோல் கட்டுக்கும் இந்தக் கிராப்பிள் நன்றாகப் பொருந்தும். கூளம் கலந்த ஈரச் சாணத்தைக்கூட ஓரளவு வாரும். உலர்ந்த எருவை வாராது, எல்லாம் இடுக்கு வழியே கொட்டும். அதற்குப் பக்கெட்டையே மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டுவது பத்து நிமிட வேலையாக இருக்க வேண்டுமென்றால், பட்டறைக்குப் போகும் முன் உங்கள் பக்கெட்டின் ஆணி விட்டம், ஆணி கோக்கும் இரண்டு காதுத் தகடுகளுக்கு நடுவே உள்ள அகலம், மேல் ஆணிக்கும் கீழ் ஆணிக்கும் இடைவெளி ஆகிய மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் பக்கெட்டையே வண்டியோடு கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள்; தாளைப் பார்த்துச் செய்த காதுகள் அரை அங்குலம் தள்ளிப் போய், இரவில் சுத்தியலோடு நான் நின்ற கதைகள் நிறைய உண்டு.